கோடு போட்ட மூட்டை

ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் நேசையன் முதலாளி, ஒரு நாள் காலையில் பிச்சைக்கனியைக் கிடங்கிலிருந்து கூப்பிட்டுத் தெருவெளிச்சத்தில் நிறுத்தி, “ஈன்னு இளிச்சுக் காட்டு மக்கா” என்றார்.

பிச்சைக்கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆறு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறான். மூட்டை தூக்கும்போது முதலாளி அவன் முதுகைப் பார்த்திருக்கிறார், தோளைப் பார்த்திருக்கிறார். வாயைப் பார்த்ததில்லை. காட்டினான்.

“என் கர்த்தாவே! மூடு, மூடு. இது வாயா, பழைய கெணத்துப் படியா? பாசி புடிச்சுக் கெடக்கு.”

தெருவில் கைவண்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் சிரித்தார்கள். பிச்சைக்கனி உதட்டை மூடிக்கொண்டான்.

“சிரிக்கதுக்குச் சொல்லல்ல லேய்,” என்று முதலாளி அவன் தோளில் கை வைத்தார். “சிங்ஙமாசம் ஒண்ணாந்தேதி கிள்ளிப்பாலத்துல நம்ம சில்லறைக் கடை தொறக்கேன், ஓண யாவாரத்துக்கு. கவுண்டர்ல நிக்கதுக்கு ஆளு வேணும். ஒனக்கு வத்தலக் கையில எடுத்தாலே அது எந்த ஊருன்னு தெரியும். ஒன்னைய நிறுத்தலாம்னு இருக்கேன். ஆனா சாமான் வாங்க வருத பெண்ணுங்க இந்த வாயைப் பாத்தா பேடிச்சு ஓடிருவாங்க. டாக்டர்கிட்ட போயி க்ளீன் பண்ணிட்டு வா. இன்னும் பத்து நாளு இருக்கு. இல்லேன்னா நான் வேற ஆளு பாக்கணும், கேட்டியா?”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிச்சைக்கனி தலையைச் சொறிந்தான். “பாக்கேன் மொதலாளி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பக் கிடங்குக்குள் போனான்.

அந்தக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. உச்சியில் இருந்த ஒரே ஒரு காற்றுப்போக்கியையும் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள்; காற்று உள்ளே வந்தால் தூள் கிளம்பும். கதவையும் பகலில் ஒருச்சாய்த்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் தும்மிக்கொண்டே சண்டைக்கு வருவார்கள். கூரை வரை சிவப்பு மூட்டைகள். நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. புதிதாக வேலைக்கு வருகிறவன் முதல் நாள் அழுவான், மூன்றாம் நாள் வாந்தி எடுப்பான், ஒரு வாரத்தில் ஊருக்கு பஸ் ஏறிவிடுவான். நிலைத்து நின்றவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கன்னத்தில் எப்போதும் ஒரு வெற்றிலைச் சுருளை அடக்கிக்கொள்வது. அது ஊறிக்கொண்டே இருந்தால் காரம் தொண்டையில் இறங்காது. காலை எட்டு மணிக்கு அடக்கினால் இரவு ஏழு மணிக்குத் துப்பலாம். பிச்சைக்கனியின் வாயை முதலாளியின் கிடங்குதான் அப்படி ஆக்கியிருந்தது. அதை முதலாளியிடம் யார் சொல்வது?

வீட்டுக்குப் போனால் கொல்லையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் குளித்த பிறகுதான் உள்ளே போவான். அப்படியும் அவன் தூக்கினால் நான்கு வயது மகள் பொன்செல்வி தும்முவாள். தும்மித் தும்மி, இப்போதெல்லாம் அவன் கையை நீட்டினாலே அவள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுகிறாள். அவனுக்கும் போன மழைக்காலத்திலிருந்து ஒரு வறட்டு இருமல். கிள்ளிப்பாலம் கடை தெருவைப் பார்த்தது. பாக்கெட்டில் அடைத்த வத்தல். தலைக்கு மேலே மின்விசிறி. பஸ் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ஆனால் அவன் வாயை ஏழு மாதத்துக்கு முன்பே ஒருத்தியிடம் ஒப்படைத்திருந்தான்.

அது இப்படி. சனிக்கிழமைதோறும் வலியசாலை அக்ரகாரத்தில் ஐந்தாறு வீடுகளுக்கு வத்தல், மல்லி, புளி கொண்டுபோய்க் கொடுப்பது கிடங்கு ஆளின் வேலை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ராமசுப்ரமணியன் வீட்டுக் கொல்லை வாசலில் அவன் புளிக்கூடையை இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, வாயைத் திறந்தபடி நின்றான். அந்த வீட்டுப் பெண் ஸ்மிதா கிணற்றடியில் நின்றிருந்தாள். பல் டாக்டருக்குக் கடைசி வருடம் படிக்கிறவள்.

“அண்ணா, ஒரு நிமிஷம். வாயை மூடாதீங்கோ.”

உள்ளே ஓடி ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துவந்தாள். அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது.

“அம்மா, இங்க வந்து பாரேன்! கீழ் முன்பல்லு ஆறும் சேந்து ஒரே கல்லு! புஸ்தகத்துல கூட இப்படிப் படம் கிடையாது.”

“போதும்டி ஸ்மிதா, அந்த மனுஷன் மூஞ்சி போற போக்கைப் பாரு,” என்றாள் அம்மா விஜயம், அடுக்களை வாசலில் நின்றபடி.

பிச்சைக்கனிக்குக் கோபம் வரவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு அவனைக் கண்டு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவள் விஷயத்தைச் சொன்னாள். கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் பல்லில் நிறையக் கல் பிடித்த ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் சோதித்து, எழுதி, சுத்தம் செய்து காட்ட வேண்டும். வாய் எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். கல்லூரியோ நகரத்துக்கு வெளியே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், புதிதாகத் தொடங்கிய தனியார் கல்லூரி. அங்கே எந்த நோயாளி வருவான்? வேன் விட்டு ஆள் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல வாய் கிடைத்தால் மாணவர்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள். போன தடவை அவள் பிடித்து வைத்திருந்த ஒரு தேங்காய் பறிக்கிற ஆள், பரீட்சைக்கு முந்தின நாள் பல்வலி என்று வேறு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வந்துவிட்டான். அவள் வெறுங்கையோடு போய் நின்று தோற்றாள்.

“பரீட்சைல நானே ஃபுல்லா க்ளீன் பண்ணிடறேன், ஃப்ரீயா. அதுவரைக்கும் யாரையும் தொட விடப்படாது. சத்தியமா?”

“சத்தியம் டாக்டரம்மா.”

அதே மாதம் அவன் மனைவி செண்பகவல்லிக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி முகம் தேங்காய் மாதிரி வீங்கியது. வெளியே டாக்டர்கள் கேட்ட தொகைக்கு அவர்களிடம் நகை கூட இல்லை. ஸ்மிதா கல்லூரி வேனில் கூட்டிக்கொண்டு போய், ஐந்து தடவை வேர்வரைக்கும் வைத்தியம் செய்யவைத்து அந்தப் பல்லைக் காப்பாற்றினாள். ஐந்து தடவையும் ஊசி போடும்போது செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு பிச்சைக்கனியின் சத்தியத்துக்கு இன்னொரு முடிச்சு விழுந்தது.

ஆரியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் வந்து மூட்டையைப் பார்த்து, பிடித்துப்போய், அதன் மேல் நீலக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டால் அது அவருடையது. எடுத்துக்கொண்டு போக ஆறு மாதம் ஆனாலும் சரி, அதற்குள் வேறு யாரும் கையை விட மாட்டார்கள். மேலே இருக்கிற இரண்டு வத்தலை எடுத்து முகர்ந்து கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தெருவில் களவு உண்டு, எடையில் ஏமாற்று உண்டு. கோடு போட்ட மூட்டையைத் தொட்டவன் கிடையாது.

பிச்சைக்கனி தன் வாயையும் அப்படித்தான் வைத்திருந்தான். பல் டாக்டர்களை மட்டுமல்ல, தன் பிரஷ்ஷையே அவன் நம்பவில்லை. மேல்பல்லை மட்டும் தேய்த்தான். கீழ்ப்பல் ஆறையும் தொடுவதில்லை. தேய்த்துத் தேய்த்துக் கல் கரைந்துவிட்டால்? இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனாகவே, சரக்கைப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தான். மார்ச்சில் நடக்க வேண்டிய பரீட்சை ஏதோ கோர்ட்டு கேஸில் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. மேயில் நடக்கவில்லை. இப்போது ஓண விடுமுறைக்குப் பிறகு என்கிறார்கள். கீழ் ஈறில் காலையில் ரத்தம் வரும். துப்பிவிட்டு வேலைக்குப் போவான்.

முதலாளி வாயைப் பார்த்த அன்று இரவு, சாப்பாட்டுக்கு முன்பே விஷயம் அட்டக்குளங்கரைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வரிசை வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து அறை லீலாபாய் தன் பாத்திரத்தோடு வந்து துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“பல்லைச் சொறண்டுகதுக்குக் காசா? எங்க வீட்டு ஆளு பண்ணினது ஓர்மையில்லியா ஒங்களுக்கு? நூத்தம்பது ரூவாயும் போச்சு, ஒரே மாசத்துல ரெண்டு பல்லும் போச்சு. அந்தக் கல்லுதான் பல்லைப் புடிச்சு நிறுத்துகது பிள்ளே. செங்கலுக்கு நடுவுல சிமெண்டு மாதிரி. அதைப் பேத்தா செவரு நிக்குமா?”

“அதானக்கா,” என்றாள் செண்பகவல்லி. “உப்பும் கரியும் போட்டு நாலு நாளு தேய்ச்சா வெளுத்துட்டுப் போவுது. வெள்ளையாக்கதுக்கு டாக்டரு முந்நூத்தம்பது ரூவா கேக்கானாம். அந்தக் காசுக்கு வெள்ளையடிக்க ஆளு கூப்பிட்டா வீடே அடிச்சிருவானே.” பிறகு புருஷன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “அது கெடக்கட்டும். அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கியளே. எம் மூஞ்சி வீங்கிக் கெடந்தப்ப அது எங் கையப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சி. அத மறந்துட்டா நம்ம மனுசங்களா?”

“அப்ப நான் கிடங்குலயே கெடக்கேன்.”

“நான் அப்படியா சொன்னேன்?”

“வேற எப்படிச் சொன்ன?”

அவன் இருமினான். உள்ளே பொன்செல்வி தும்மினாள். லீலாபாய் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

சனிக்கிழமை வலியசாலைக்குப் போகும்போது சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். டாக்டரம்மா, தப்பா நெனக்காதீங்க. டாக்டரம்மா, எனக்கும் குடும்பம் இருக்கு. கொல்லை வாசலில் கூடையை இறக்கியதும் ஸ்மிதாவே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“அப்பாடா. எல்லாம் அப்படியே இருக்கு. தேதி வந்துடுத்துண்ணா, செப்டம்பர் ரெண்டாம் வாரம். உங்களை நம்பித்தான் இருக்கேன்.”

உள்ளேயிருந்து ராமசுப்ரமணியனின் குரல் கேட்டது. “யாரு, அந்த வத்தல்காரனா? பல்லெல்லாம் சௌக்கியமா?”

“சௌக்கியம்பா!”

விஜயம் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து நீட்டினாள். பிச்சைக்கனி கையை நீட்டுவதற்குள் ஸ்மிதா தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். “முறுக்கு வேண்டாம்மா, கல்லு உடைஞ்சுடப் போறது. வேற ஏதாவது குடு, மெத்துனு.” அம்மா இட்லி கொண்டுவந்தாள். அந்த வீடு மொத்தமும் தன் வாய்க்குக் காவல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே பிச்சைக்கனி இரண்டு இட்லியை மென்றான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தை கூட வெளியே வரவில்லை.

திரும்பி வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. மூட்டையில் கோடு போட்டது உள்ளே இருக்கிற சரக்குக்கு. வெளிச்சாக்கைத் தட்டி வைத்தால் யாருக்கு நஷ்டம்? ஸ்மிதா ஆசையாகப் பார்க்கிற கல் கீழ்ப்பல்லின் உள்பக்கம். கவுண்டரில் நிற்கும்போது தெரிவது மேல்பல்லின் வெளிப்பக்கம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவு நாளும் இது தோன்றவில்லையே!

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிள்ளிப்பாலத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த பல் டாக்டரிடம் போனான். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். மலையாளம் கலந்த தமிழ் பேசினார்.

“மேல, முன்னால, வெளிய தெரியிற பக்கம் மட்டும் போதும் சார்.”

“அதெந்தா அப்படி? வீட்டுக்கு முன்பக்கம் மாத்திரம் பெயிண்ட் அடிக்கிற மாதிரியோ?” டாக்டர் சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சாய்த்தார். “முதல்ல பாக்கட்டும். வாய் தொறக்கு. கொறச்சும்கூடி, இன்னும் கொஞ்சம்.”

நாற்காலி பின்னால் சாயச் சாயக் கால் மேலே போனது. முகத்துக்கு நேரே விளக்கு. எழுந்திருக்க நினைத்தாலும் முடியாது. நெஞ்சுக்கு மேலே தட்டு, அதில் கொக்கிகள். டாக்டர் மேல்பல்லைப் பார்த்தார். கீழே வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கினார். அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு விரலால் ஒரு பல்லைத் தொட்டார்.

“கண்ணாடியப் பிடிங்க. இங்க பாருங்க.”

பிச்சைக்கனி பார்த்தான். டாக்டரின் விரலோடு சேர்ந்து அவன் பல் முன்னும் பின்னும் போய்வந்தது. நடுப்பல் இரண்டும் அப்படியே.

“பிரஷ் பண்ணறதில்லையோ?”

“மேல பண்ணுவேன்.”

“கீழ?”

“கல்லுதான் பல்லைப் புடிச்சு வச்சிருக்குன்னு சொல்லுதாங்க” என்றான்.

“எல்லாரும் சொல்லும். கல்லு பிடிச்சு நிறுத்தறதில்ல. கல்லுக்கு அடியில அழுக்கு இருக்கு, அது எலும்பைத் தின்னுது. எலும்பு போனா பல்லு ஆடும். ஆடின பிறகு இங்க வராங்க, நான் கல்லு எடுக்கறேன், பல்லு விழுது. பின்ன பழி எனக்கு.” கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “நீங்க வெளுப்புக்குக் காசு கொடுக்கறதா நெனச்சு வந்தீங்க. வெளுப்பு சும்மா கிடைக்கிறது. காசு எலும்புக்கு. போனது திரும்பி வராது. மிச்சம் இருக்கிறதை நிறுத்தலாம். ஆறு மாசம் முன்ன வந்திருந்தா இவ்வளவு ஆடாது.”

“ஆறு மாசமா ஒரு டாக்டரம்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க சார்.” வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். “பாத்துக்கிட்டா? எடுக்கலையா?”

“இல்ல.”

“ஆடுதுன்னு சொல்லலையா?”

பிச்சைக்கனி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மே மாதத்தில் ஒரு நாள் ஸ்மிதா கம்பியை விட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இதே மாதிரி விரலால் தொட்டாள். நோட்டில் ஏதோ எழுதினாள். எழுதும்போது அவனைப் பார்க்கவில்லை.

“பரவால்ல, நீங்க சொன்னதுபோல முன்பக்கம் மட்டும் பண்ணித் தரேன். உங்க பல்லு. உங்க இஷ்டம்.”

சுவரில் கடிகாரம் ஓடியது. கீழே தெருவில் பஸ்கள் போயின. எல்லாக் கல்லையும் எடுத்துவிட்டு இந்த நாற்காலியிலிருந்து இறங்கினால் ஸ்மிதாவின் முகத்தில் விழிக்க முடியாது என்று பிச்சைக்கனிக்குத் தெரிந்தது. அப்படியே படுத்துக்கிடக்க முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முப்பத்திரண்டு வயதில் யாருடைய பரீட்சைக்காகவோ பல்லில்லாமல் போய் மகள் முன்னால் நிற்பதையும் நினைத்துப் பார்த்தான்.

“எல்லாத்தையும் எடுத்துருங்க சார். கீழயும், உள்ளயும்.”

முக்கால் மணி நேரம் ஆனது. கீச்சென்ற சத்தம் மண்டைக்குள் ஓடியது, தண்ணீர் தொண்டையில் நிரம்பியது, கல் துண்டுகள் நாக்கில் விழுந்தன. ஒவ்வொரு துண்டும் விழும்போது, மற்றவன் மூட்டையைத் தான் பிளேடால் கிழிப்பதாக அவனுக்குத் தோன்றியது. டாக்டர் துப்பச் சொன்னார். ரத்தத்தோடு கறுப்பாக, சரளைக்கல் போல வந்தது. நாக்கை நகர்த்தினான். சுவர் இருந்த இடத்தில் ஆறு தனித்தனிப் பற்கள், நடுவில் சந்துகள். மூச்சை இழுத்தால் சந்துகளில் குளிர்ந்தது. வேறு யாருடைய வாயிலோ நாக்கைவிட்ட மாதிரி இருந்தது.

“பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு தடவை காட்டணும். ராத்திரியும் பிரஷ் பண்ணணும். கீழ, உள்ள,” என்றார் டாக்டர்.

சாயங்காலம் அவன் நேரே வலியசாலைக்குப் போனான். ஊரார் வழியாகத் தெரிந்து அவள் வருவதற்குள் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும். கொல்லை வாசலில் ஸ்மிதா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதானே?”

அவன் வாயைத் திறந்து காட்டினான்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். “நன்னாப் பண்ணிருக்கா,” என்றாள், பழக்கதோஷத்தில். அப்புறம்தான் அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“கீழ ஆடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா டாக்டரம்மா?”

“மே மாசம் தெரியும்,” என்றாள்.

“சொல்லலியே.”

“சொன்னா நீங்க போய் எடுத்துண்டுடுவேள்.”

கிணற்றுக் கப்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, இருவரையும் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அவள் அழுவாள், அல்லது சண்டை போடுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். இரண்டும் இல்லாமல், கேட்ட கேள்விக்கு விடை எழுதுகிறவள் மாதிரி சொல்லிவிட்டாள். அதுதான் அவனுக்கு வலித்தது.

“ரெண்டு மூணு மாசத்துல ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்,” என்றாள். “பிரஷ் பண்ணிண்டிருந்தா ஆகியும் இருக்காது. நீங்க பண்றேள்தானே?”

“கீழ தேய்க்கல. ஏழு மாசமா. கல்லு கரைஞ்சிரும்னு பயந்து.”

“ஐயோ.” அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “யாருண்ணா உங்களை அப்படிப் பண்ணச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

உள்ளே ராமசுப்ரமணியன் டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்மிதா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்கறேன். ஆனா இப்போ நான் என்ன பண்ணுவேன்? இன்னொரு தடவை போச்சுன்னா அப்பா இனிமே படிக்க வேண்டாம்னுடுவா. அஞ்சு வருஷம், அத்தனையும் போச்சு.” சட்டென்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணா, ஆரியசாலைல யாராவது இருப்பாளே? உங்க கிடங்குல? வெத்தலை அடக்கறவா? ஒரே ஒருத்தர். செப்டம்பர் வரைக்கும்தான்.”

பிச்சைக்கனிக்குக் கிடங்கில் இருக்கும் செல்வின் என்பவனின் ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாக அவனோடு மூட்டை தூக்குகிறவன். அடுத்த வாரம் முதல் கிடங்கு அவன் பொறுப்பு. சிரித்தால் கீழ்ப்பல் மஞ்சள் பூத்துக் கட்டி கட்டியாய்த் தெரியும். மாம்பழம் கடித்தால் ரத்தம் வருகிறது என்று போன வாரம்தான் சொல்லிச் சிரித்தான். செல்வின் மட்டுமா? புளிக்கடையில் இருவர், கைவண்டி தள்ளுகிறவர்களில் நாலு பேர். ஒரு பெயரைச் சொன்னால் போதும். வாக்கு தவறியவன் என்ற பாரம் இந்தக் கிணற்றடியிலேயே இறங்கிவிடும். செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கைக்கு அவன் வேறு என்னதான் செய்துவிட முடியும்?

செப்டம்பர் என்றுதான் சொல்கிறாள். மார்ச் என்றும் சொன்னாள், மே என்றும் சொன்னாள்.

“எனக்கு அப்படி யாரையும் தெரியாதும்மா,” என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்று அவனுக்கும் தெரிந்தது. அவன் குனிந்து, விழுந்துகிடந்த துணியை எடுத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினான்.

“யாரு, பிச்சைக்கனியா?” விஜயம் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “நல்லவேளை, வந்தே. சனிக்கிழமைக்குச் சொல்லணும்னு இருந்தேன். ஓணம் வரதோல்லியோ, மல்லி ஒரு கிலோ கூடுதலா வேணும். ஆமா, நீ புதுக் கடைக்குப் போறயாமே, நேசையன் ஃபோன்ல சொன்னார். நன்னா இரு. அப்போ இனிமே சனிக்கிழமை யார் கொண்டுவருவா?”

பிச்சைக்கனி வாயைத் திறந்தான். சந்துகளில் காற்று சில்லென்று ஏறியது. கல்லில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கியதை அவன் பார்க்காமலே உணர்ந்தான். இனிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரவேண்டியவன் செல்வின்.

“நாந்தான் மாமி. கடையை மூடிட்டு நானே கொண்டுவருவேன்.”

“உனக்கு எதுக்குப்பா சிரமம்? கிடங்கு ஆளை அனுப்பினாப் போறுமே.”

“இல்ல மாமி. நானே வாரேன்.”

“அலைச்சல்னா? அங்க நாள் முழுக்க நின்னுட்டு, இங்க தூக்கிண்டு வந்து—”

“பரவால்ல மாமி.” செப்டம்பர் இரண்டாம் வாரம் வரைக்கும் எத்தனை சனிக்கிழமை என்று அவன் மனதுக்குள் எண்ணவில்லை. பரீட்சை மறுபடியும் தள்ளிப்போனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் துண்டுச் சீட்டையும் எடுத்து, கிணற்றுச் சுவரில் வைத்து எழுதத் தொடங்கினான். “மல்லி ஒரு கிலோ கூடுதல். வேற?”